எடை சொல்லாததை இடுப்பு சொல்லும்

ஐம்பது வயதைத் தொட்ட ஓர் ஆணிடம் எடையைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். இடுப்பளவைக் கேட்டால் பேன்ட் சைஸைச் சொல்வார். '34. பத்து வருஷமா அதே 34தான்' என்பதில் ஒரு பெருமையும் இருக்கும். அந்தப் பேன்ட் வருஷத்துக்கு வருஷம் கீழே இறங்கி, இப்போது தொப்பைக்கு அடியில் இடுப்பெலும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இஞ்சு டேப்பைச் சுற்றினால் 39 வரும், 40கூட வரும். வேட்டி கட்டுகிறவருக்கு அந்த 34ம் தெரியாது. அரைஞாண் கயிறு இறுகினால் புதுக்கயிறு மாற்றிக்கொள்வார். பெண்களுக்கு ரவிக்கை அளவு தெரியும். பாவாடை நாடாவுக்கோ அளவே தேவையில்லை.

நம் உடம்பைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய எண்களில் இது முன்வரிசையில் வருவது. இதைத் தெரிந்துகொள்ள ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், வெறும் வயிற்றில் போய்க் காத்திருக்க வேண்டாம். தையல்கடையில் கிடைக்கும் ஒரு டேப் போதும். இந்திய ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு. அங்குலத்தில் சொன்னால் சுமார் 35½, 31½. அதைத் தாண்டிவிட்டால் சர்க்கரை நோய் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பின் அளவுகளையும் இனி தள்ளிப்போடாமல் பார்த்துவிட வேண்டும் என்று பொருள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023ல் வெளிவந்தன. சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர், அதன் முன்நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர் என்பது தலைப்புச் செய்தியானது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை என்பதும் பேசப்பட்டது. அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இரண்டு எண்கள் இருக்கின்றன. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிட்ட பொதுவான பருமன் 28.6 சதவீதம். இடுப்புச் சுற்றளவை வைத்துக் கணக்கிட்ட வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடைக் கணக்கில் குண்டு இல்லை என்று அனுப்பிவைக்கப்பட்டு, வயிற்றில் ஆபத்தைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் நூற்றுக்குக் குறைந்தது ஏறக்குறைய 11 பேர். எடை மெஷின் கண்ணில் படாமல் நழுவுகிறவர்கள் இவர்கள்தான். 'ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எங்கேர்ந்து சர்க்கரை வரும்?' என்று கேட்பவர்களும் பெரும்பாலும் இவர்களே.

பெண்கள் நிலைமை இன்னும் கவலைக்குரியது. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் முதன்முறையாக இடுப்பளவையும் எடுத்தார்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாடு முழுவதும் நூற்றுக்கு 40 பேருக்கு வயிற்றுப் பருமன். தமிழ்நாட்டில் அது 58 பேர் அளவில் இருக்கிறது. பாதிக்கு மேல். பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே விட்டுவிடப்பட்ட வயிறுகள் இவை.

ஒரே பிஎம்ஐ, இரண்டு உடம்பு

2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. வெள்ளைச் சட்டை அணிந்த இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் புனே கேஇஎம் மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ இருவருக்கும் அட்சரம் பிசகாமல் 22.3. உடற்கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். யுட்கின் மாரத்தான் ஓடுபவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் இரட்டிப்புக்கு மேலான அந்த வித்தியாசத்தை ஓட்டத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. யாஜ்னிக்கின் குழு புனே அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டது. நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்த நம் குழந்தைகளிடம், முதுகுத் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறக்கும்போதே ஒல்லியான உடம்பில் கொழுப்பின் பங்கு அதிகம்.

உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்குப் போடும் முறையைத் தந்தவர் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய நாட்டுக் கணிதவியலாளர். காலம் 1830கள். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று அறிவதே அவருக்கு வேண்டியிருந்தது, நோயைக் கண்டுபிடிப்பதல்ல. அந்தக் கணக்கை 1972ல் எடுத்து, பிஎம்ஐ என்று பெயர் வைத்துப் பரப்பியவர் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ். அவர் சோதித்துப் பார்த்தது ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஆண்களிடம். பெண்கள் இல்லை. இந்தியர்களும் இல்லை. ஒரு மக்கள்தொகை முழுவதையும் தோராயமாகப் பார்க்க அது இன்றைக்கும் நல்ல கருவிதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்ல அது மட்டும் போதாது. எடையில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று அது பிரிப்பதில்லை. அந்தக் கொழுப்பு எங்கே குடியிருக்கிறது என்றும் சொல்வதில்லை.

எங்கே என்பதுதான் முக்கியம் என்று 1947லேயே ஒருவர் சொல்லிவிட்டார். பிரான்ஸின் மார்செய் நகரத்து மருத்துவர் ஜான் வாக். வயிற்றிலும் மேலுடம்பிலும் கொழுப்பு சேரும் உடல்வாகு, இடுப்புக்குக் கீழே தொடையில் சேரும் உடல்வாகு என்று இரண்டாகப் பிரித்தார். முதல் வகையினருக்கே சர்க்கரையும் இதயநோயும் அதிகம் வருகின்றன என்றார். மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்த முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆயின.

1991ல் பால் மெக்கீகும் அவருடைய குழுவினரும் லண்டனில் வாழும் தெற்காசியர்களை ஆராய்ந்த முடிவை வெளியிட்டார்கள். எடையில் ஐரோப்பியர்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லாத இவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பும், இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணியாத இன்சுலின் எதிர்ப்பும் அதிகம் இருந்தன. இங்கிலாந்தில் சுமார் 14.7 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு நடந்து, 2021ல் வெளியான ஆய்வு இதை எண்ணாகவே தந்தது. பிஎம்ஐ 30 உள்ள வெள்ளையருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு எவ்வளவோ, அவ்வளவு வாய்ப்பு தெற்காசியருக்கு 23.9லேயே வந்துவிடுகிறது. நம்மவர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் பருமன் என்று இந்திய மருத்துவர்கள் கூடி, 2009ல் வெளியிட்ட வழிகாட்டலில் வரையறுத்தது சரியென்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

தொப்பைக்குள் என்ன நடக்கிறது?

தொப்பையைக் கையால் பிடித்துப் பார்த்தால் அகப்படுவது தோலடிக் கொழுப்பு. அது அவ்வளவு பொல்லாதது இல்லை. வயிற்றுச் சுவரின் தசைக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படர்கிறதே, அந்த உள்ளுறுப்புக் கொழுப்புதான் ஆபத்தானது. பத்தாயம் நிரம்பிவிட்டால் மிச்ச நெல் மூட்டைகளைக் கூடத்திலும் திண்ணையிலும் அடுக்குவது போல, தோலுக்கடியில் இடம் தீர்ந்ததும் உடம்பு கொழுப்பைக் கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் அடுக்குகிறது. தெற்காசியர்களின் பத்தாயம் சிறியது, அதனால் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம்.

குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் போர்ட்டல் சிரை வழியாக நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது. இன்சுலின் இட்ட கட்டளைக்கு அது பழையபடி பணிவதில்லை. தேவையில்லாத நேரத்திலும் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, டிரைகிளிசரைடைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. நல்ல கொழுப்பு என்று நாம் சொல்லும் ஹெச்டிஎல் குறைகிறது. வயிற்றுக் கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது. ரத்த நாளங்களைக் காக்கும் அடிபோனெக்டின் குறைகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. இந்த அத்தனையும் தனித்தனி நோய்களாகத் தெரிந்தாலும் வேர் ஒன்று என்று 1988ல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் விளக்கினார். அதைத்தான் இன்று மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள். இடுப்பளவு, டிரைகிளிசரைடு 150க்கு மேல், ஹெச்டிஎல் ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழ், ரத்த அழுத்தம் 130/85க்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்கு மேல் ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறோம். ஐந்தில் ஒன்றை மட்டும் வீட்டிலேயே, செலவே இல்லாமல் பார்க்கலாம்.

தொடையிலும் பின்புறத்திலும் சேரும் கொழுப்பு பெரும்பாலும் நமக்கு நன்மையே செய்கிறது. மாதவிலக்கு நிற்கும் வயது வரை பல பெண்களைக் காப்பதில் அதற்குப் பங்கு உண்டு. அதன் பிறகு கொழுப்பு சேரும் இடம் வயிற்றுக்கு மாறுகிறது. ஐம்பதைக் கடந்த பெண் 'எடை கூடல, ஆனா ரவிக்கையும் பாவாடையும் பத்தலை' என்று சொன்னால் டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கொழுப்பு சேரும் இடமே முக்கியம் என்பதை இதயத்தின் பக்கம் இருந்து உறுதி செய்தது 'இன்டர்ஹார்ட்' ஆய்வு. கேரளத்தில் பிறந்து, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்து, கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்தது அது. மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டதில், பிஎம்ஐக்கும் மாரடைப்புக்கும் இருந்த தொடர்பு மெல்லியதாகத் தெரிந்தது. இடுப்பளவைப் பின்புறச் சுற்றளவால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்துக்கோ தொடர்பு அழுத்தமாக இருந்தது. அந்த விகிதம் ஆணுக்கு 0.90க்கு மேலோ பெண்ணுக்கு 0.85க்கு மேலோ போனால் ஆபத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதே ஆய்வின் இன்னொரு முடிவு நம்மைத் தூங்கவிடக் கூடாது. முதல் மாரடைப்பு மற்ற நாட்டவருக்குச் சராசரியாக 59 வயதில் வந்தது. தெற்காசியருக்கு 53 வயதில். மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும் அப்பா தேவைப்படும் வயது அது.

கோட்டை எங்கே போடுவது?

2001ல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று ஆணுக்கு 102 செ.மீ., பெண்ணுக்கு 88 செ.மீ. என்று எல்லை வைத்தது. அது அவர்களுடைய உடம்புக்குப் பொருந்தலாம். அந்த எல்லையை இங்கே வைத்தால் 96 செ.மீ. சுற்றளவுள்ள மதுரைக்காரர் நல்லபடியாகத் தேறிவிடுவார். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2005ல்தான் இனத்துக்கேற்ப எல்லைகளை மாற்றி, தெற்காசியருக்கு 90, 80 என்று குறைத்தது. 2009ன் இந்திய வழிகாட்டல் அந்த எல்லைக்கும் கீழே ஒரு மஞ்சள் கோட்டைப் போட்டது. ஆணுக்கு 78, பெண்ணுக்கு 72. அதைத் தொடும்போதே உணவையும் நடையையும் கவனிக்கத் தொடங்க வேண்டும். 90, 80ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே 2008 முதல் 40 முதல் 74 வயது வரையிலானவர்களுக்கு ஆண்டுதோறும் இடுப்பை அளக்கும் பரிசோதனையை நடத்துவது காப்பீட்டு அமைப்புகளின் சட்டப்படியான கடமை. ஆணுக்கு 85, பெண்ணுக்கு 90 என்பது அவர்கள் எல்லை. தொப்புள் மட்டத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து, உள்ளுறுப்புக் கொழுப்பு 100 சதுர செ.மீ.யைத் தொடும்போது வெளியே டேப் என்ன காட்டுகிறது என்று பார்த்து வைத்த எல்லை அது. பெண்ணுக்கு ஆணைவிட அதிக எல்லையா என்று அங்கேயே நிபுணர்கள் ஆட்சேபித்தார்கள். இந்த எல்லைகள் கடவுள் போட்ட கோடுகள் இல்லை. எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும் என்பதற்காக, இருக்கும் ஆதாரத்தை வைத்து மனிதர்கள் போட்டவை. 89 என்றால் நிம்மதி, 91 என்றால் பீதி என்று இருக்க வேண்டியதில்லை.

உயரத்தையும் கணக்கில் எடுத்தால் என்ன என்று கேட்டவர் பிரிட்டனின் ஊட்டச்சத்து ஆய்வாளர் மார்கரெட் ஆஷ்வெல். அவர் பல ஆண்டுகள் சொல்லிவந்த விதி ஒரே வரி. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 2022ல் பிரிட்டனின் அரசு வழிகாட்டல் அமைப்பான நைஸ் இதை ஏற்றுக்கொண்டது. இந்த விதிமேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒரு சணல் கயிறு போதும். உச்சந்தலை முதல் குதிகால் வரை அளந்து வெட்டி, இரண்டாக மடித்து, வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் சேராவிட்டால் பரிசோதனைக்குப் போக வேண்டும். எழுத்தும் எண்ணும் தெரியாத பாட்டிகூட இதைச் செய்யலாம். குள்ளமான நம் பெண்களுக்கு இது இன்னும் நியாயமானது. 148 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது பாதியைத் தாண்டிய அளவு. அவருக்கு எச்சரிக்கை 74லேயே வந்துவிட வேண்டும்.

சென்னை தந்த மூன்று கேள்விகளும் ஓர் அளவும்

1948ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த நகரத்துக்கு இந்த நோயோடு நீண்ட பழக்கம். அவருடைய மகன் டாக்டர் வி. மோகனின் குழு, சென்னை நகர மக்களிடம் நடத்திய பெரிய ஆய்விலிருந்து 2005ல் ஓர் எளிய மதிப்பெண் முறையை உருவாக்கியது. இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் என்று அதற்குப் பெயர். ரத்தப் பரிசோதனை இல்லை. மூன்று கேள்வி, ஓர் அளவு, அவ்வளவுதான்.

வயது 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. தாய் தந்தையரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. உடற்பயிற்சியும் இல்லை, வேலையும் உட்கார்ந்தே என்றால் 30, உழைப்பு கூடக்கூட மதிப்பெண் குறையும். இடுப்பளவு ஆணுக்கு 90 முதல் 99, பெண்ணுக்கு 80 முதல் 89 என்றால் 10. அதற்கு மேல் 20. மொத்தம் நூற்றுக்கு. 60ம் அதற்கு மேலும் என்றால் அதிக ஆபத்து.

பலசரக்குக் கடை வைத்திருக்கும் 52 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 165 செ.மீ., எடை 62 கிலோ. பிஎம்ஐ 22.8. எடை மெஷின் அவரை வாழ்த்தி அனுப்பும். வயதுக்கு 30, கல்லாவில் உட்கார்ந்தே இருப்பதற்கு 30, அம்மாவுக்குச் சர்க்கரை என்பதற்கு 10, இடுப்பு 94 என்பதற்கு 10. மொத்தம் 80. இவர் நாளை காலையே வெறும் வயிற்றில் ஆய்வகத்துக்குப் போக வேண்டியவர்.

இந்த நூறு மதிப்பெண்ணில் எனக்குப் பிடித்தது அதன் பிரிவினை. வயதுக்கு 30, பெற்றோருக்கு 20. இந்த ஐம்பதை மாற்ற முடியாது. இடுப்புக்கு 20, உழைப்புக்கு 30. இந்த ஐம்பது நம் கையில். எதை மாற்ற முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பரிசோதனை அபூர்வம்.

இதன் குறைகளையும் அவர்களே வெளியிட்டார்கள். 60 என்ற எல்லையில், இதுவரை கண்டறியப்படாத சர்க்கரை நோயாளிகள் நூறு பேரில் சுமார் 72 பேரை இது பிடிக்கும். 28 பேர் நழுவிவிடுவார்கள். நோய் இல்லாத நூறு பேரில் சுமார் 40 பேரை வீணாக ஆய்வகத்துக்கு அனுப்பும். சல்லடைக்கு இருக்கும் குணம் இதுதான். ஆகவே மதிப்பெண் குறைவு என்பதற்காக ஒருவரை மறந்துவிடக் கூடாது. தாகமும் அடிக்கடி சிறுநீரும் காரணமில்லாத எடைக்குறைவும் உள்ளவருக்கு வயிறு ஒட்டியிருந்தாலும் பரிசோதனை வேண்டும். தொப்பை இல்லாமலே மாரடைப்பு வந்தவர்களும் இருக்கிறார்கள். புகைபிடிப்பதும் ரத்த அழுத்தமும் தனியாகவே கொல்லும்.

தொற்றாநோய்களுக்கான தேசியத் திட்டத்தின் கீழ் 30 வயதைக் கடந்தவர்களுக்காகக் களப்பணியாளர்கள் நிரப்பும் படிவத்திலும் இடுப்பளவுக்கு ஒரு கட்டம் உண்டு. மொத்த மதிப்பெண் 4ஐத் தாண்டினால் அவரை முதலில் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட இதயநோய் ஆபத்து அட்டவணையில் ஆய்வக வசதி இல்லாத இடங்களுக்கென்றே ஒரு வடிவம் உண்டு. அதில் சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் பதிலாக நிற்பது பிஎம்ஐ. உடல் அளவுகளை நம்பித்தான் ஏழை நாடுகள் தங்கள் மக்களின் இதயத்தைக் காக்கும் திட்டங்களை வகுக்கின்றன. அதனால்தான் அளப்பது சரியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

டேப் பிடிக்கும் முறை

கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பை விரலால் தேடுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தேடுங்கள். இரண்டுக்கும் நட்டநடுவில் டேப் வர வேண்டும். நிமிர்ந்து நின்று, கால்களைச் சேர்த்து, கைகளைத் தளரவிட்டு, இயல்பாக மூச்சை வெளியே விட்ட பின் அளக்க வேண்டும். டேப் முன்னாலும் பின்னாலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், சதையை அழுத்தக் கூடாது. இரண்டு முறை எடுத்து, வித்தியாசம் 1 செ.மீ.க்குள் இருந்தால் சராசரியை எழுதலாம். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும், அது குறைவாகக் காட்டும். சாப்பிட்ட உடனே எடுத்தால் அதிகம் வரும். ஆண்கள் டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள்; பேச்சுக் கொடுத்தால் தானாக விட்டுவிடுவார்கள்.

பெண்களை அளப்பதில் கவனம் இன்னும் கூட வேண்டும். புடவைக் கொசுவத்துக்கு மேல் சுற்றினால் சில செ.மீ. ஏறிவிடும். நாடா இறுகிப் பள்ளம் விழுந்த இடத்தில் சுற்றினால் குறைந்துவிடும். தோலின் மேலோ மெல்லிய துணியின் மேலோ அளக்க வேண்டும் என்றால் கதவு மூடிய அறை வேண்டும், அளப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும், முதலில் அனுமதி கேட்க வேண்டும். முகாமில் நாற்பது பேர் வரிசையில் நிற்க, நடுக்கூடத்தில் வைத்து அளந்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லி எழுதுவது அந்தப் பெண் அடுத்த முகாமுக்கு வராமல் இருப்பதற்கான வழி. அதற்குப் பயந்து கண்ணால் பார்த்து ஒரு எண்ணை நிரப்பிவிட்டால் அந்தக் கட்டத்தையே படிவத்திலிருந்து எடுத்துவிடலாம். ஒரு திரைச்சீலைக்கு ஆகும் செலவு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பாரமில்லை.

எண்ணைச் சொல்லும் தொனியும் சிகிச்சையின் பகுதி. தொப்பையை வைத்துக் கேலி பேசுவது நம் சினிமாவிலும் குடும்பங்களிலும் ஊறிப்போன பழக்கம். கேலி யாருடைய இடுப்பையும் குறைத்ததில்லை, மருத்துவமனைக்குப் போகும் தைரியத்தைத்தான் குறைத்திருக்கிறது. 2025ல் லான்செட் அமைத்த உலக நிபுணர் குழுவும் பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று முத்திரை குத்தக் கூடாது, இடுப்பளவு போன்ற இன்னொரு அளவால் உறுதிசெய்ய வேண்டும், உறுப்புகள் பாதிக்கப்பட்டுள்ளனவா என்றும் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறது.

அளந்த பிறகு

அளந்து, எழுதி, மூடிவைத்த பதிவேட்டால் யாருக்கும் பயனில்லை. டேப் ஆபத்தைக் காட்டினால் அதே வாரத்தில் ரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும், முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பேச வேண்டும்.

பேசினால் பலன் உண்டா? உண்டு என்று காட்டியதும் சென்னைதான். டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவு 2006ல் வெளியானது. சர்க்கரை நோயின் முன்நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடையும் உணவு மாற்றமும் சொல்லித் தொடர்ந்து ஊக்கப்படுத்தப்பட்டவர்களில் அது 39.3 சதவீதம். இதில் கவனிக்க வேண்டிய செய்தி, அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பது. எடை மெஷின் அசையாதபோதும் நோய் தள்ளிப்போனது. மூன்று மாதம் நடந்தும் கிலோ குறையவில்லையே என்று நடப்பதை நிறுத்திவிடுகிறவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்.

எல்லா முயற்சியும் இப்படித் தெளிவான வெற்றி பெறவில்லை. கேரளத்தில் சென்னை மதிப்பெண் 60ம் அதற்கு மேலும் வந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, ஊர்க் குழுக்கள் வழியாக நடத்திய திட்டத்தில் பழக்கவழக்கங்கள் சில மேம்பட்டன. நோய் வருவது குறைந்ததா என்பதை 2018ல் வெளியான முடிவுகளால் உறுதியாக நிறுவ முடியவில்லை. ரத்தச் சர்க்கரை ஏற்கெனவே ஏறியிருப்பவர்களைப் பிரித்தெடுத்து அவர்களிடம் அதிகக் கவனம் செலுத்துவதே பலன் தரும் என்று நான் கருதுகிறேன். டேப்பில் தொடங்கி ரத்தப் பரிசோதனை வழியாகவே அந்தப் பிரித்தெடுப்பு நடக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதைச் செய்ய ஆள்பலம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், வீட்டுக்கே போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். 2024ல் ஐ.நா.வின் விருதையும் அது பெற்றது. ஆனால் அவர்கள் பகலில் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பது பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும். 53 வயதில் மாரடைப்பைச் சந்திக்கப்போகும் ஆண் கடையில் இருக்கிறார், டெப்போவில் இருக்கிறார், பனியன் கம்பெனியில் இருக்கிறார். திட்டம் பணியிடங்களுக்கும் நீட்டிக்கப்பட்டிருப்பது சரியான திசை. பேருந்துப் பணிமனை, கோயம்பேடு சந்தை, திருப்பூர்த் தொழிற்கூடம், சிவகாசி அச்சகம் என்று ஷிப்ட் மாறும் நேரத்தில் போய், 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரின் இடுப்பையும் அளந்து, மதிப்பெண் 60ஐத் தொட்டவருக்கு அங்கேயே விரல் நுனியில் ரத்தம் எடுத்து, மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் அவரை மறுபடி நிற்கவைக்க வேண்டும்.